எந்த விரல் மரத்துப்போகிறது? கை நரம்புப் பாதிப்பை அடையாளம் காண்போம்

விடியற்காலை மூன்று மணி. கை மரத்துப்போய் உறக்கம் கலைகிறது. எழுந்து உட்கார்ந்து கையை உதறுகிறீர்கள். சற்று நேரத்தில் உணர்வு திரும்புகிறது, மறுபடியும் படுத்துக்கொள்கிறீர்கள். காலையில் சட்டைப் பொத்தானைப் போடச் சிரமமாக இருக்கிறது. காப்பிக்கடையில் சில்லறை எண்ணும்போது காசு விரலிடுக்கில் நழுவுகிறது. “வயதாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும்” என்று விட்டுவிடுகிறீர்கள்.

வயது மட்டுமே இதற்குக் காரணம் என்று முடிவுசெய்துவிட வேண்டாம். முன்கையிலோ மணிக்கட்டிலோ ஒரு நரம்பு அழுத்தப்பட்டிருக்கலாம். தொடக்கத்திலேயே கண்டறிந்தால் பெரும்பாலும் எளிய சிகிச்சையே போதும். பல மாதங்கள் தள்ளிப்போட்டால் தசை மெலிந்து, கையின் வலிமை முழுமையாகத் திரும்பாமலும் போகலாம்.

எந்த நரம்பு பாதிக்கப்பட்டிருக்கிறது என்பதை உங்கள் விரல்களே பெரும்பாலும் காட்டிவிடும். எந்த விரல் மரத்துப்போகிறது, எந்த அசைவு வரவில்லை என்ற இரண்டையும் கவனிக்க இந்தக் கையேடு உதவும்.

கையில் உள்ள மூன்று முக்கிய நரம்புகள்

நரம்பை மின்கம்பிக்கு ஒப்பிடலாம். மூளையிலிருந்து வரும் கட்டளையைத் தசைக்குக் கொண்டு செல்வதும், தோலின் உணர்வை மூளைக்குத் தெரிவிப்பதும் அதன் வேலை. கம்பி நசுங்கினால் முதலில் கூச்சமும் மதமதப்பும் தோன்றும். பாதிப்பு தொடர்ந்தால் உணர்வு குறையும். பிறகு தசை பலவீனமடைந்து மெலியும். கைக்குள் மூன்று முக்கிய நரம்புகள் வருகின்றன.

*1. மீடியன் நரம்பு.* இது முன்கையின் நடுவில் இறங்கி, மணிக்கட்டில் உள்ள குறுகிய வழியாக உள்ளங்கைக்குள் நுழைகிறது. விரல்களை மடக்கும் 9 தசைநாண்களும் அதே வழியில்தான் செல்கின்றன. அங்கே சற்று வீக்கம் ஏற்பட்டாலும் நரம்பு நசுங்கும். ‘கார்ப்பல் டனல்’ என்று மருத்துவர்கள் சொல்லும் பிரச்சினை இதுதான். கை நரம்புப் பாதிப்புகளில் மிகவும் பரவலாகக் காணப்படுவதும் இதுவே.

- மரத்துப்போகும் இடம்: கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் நடுவிரல் பக்கமுள்ள பாதி. சுண்டுவிரல் பாதிக்கப்படாது.
- இரவிலும், தொலைபேசியை அல்லது செய்தித்தாளை நெடுநேரம் பிடித்திருக்கும்போதும் அதிகரிக்கும். கையை உதறினால் சற்றுக் குறையும்.
- முற்றிய நிலையில் கட்டைவிரலின் அடியில் உள்ள சதைமேடு தட்டையாகும். ஊசியில் நூல் கோப்பது, பூத்தொடுப்பது போன்ற வேலைகள் கடினமாகும்.

நீரிழிவு, தைராய்டு சுரப்புக் குறைவு, முடக்குவாத மூட்டழற்சி ஆகியவை உள்ளவர்களுக்கும், மணிக்கட்டு எலும்பு முறிந்தவர்களுக்கும் இது வரும் வாய்ப்பு அதிகம்.

*2. அல்னார் நரம்பு.* முழங்கை சுவரில் இடித்தால் ஷாக் அடித்ததுபோல் சுண்டுவிரல் வரை விர்ரென்று பாயுமே, அது இந்த நரம்புதான். முழங்கையின் உள்பக்க எலும்புக்குப் பின்னால், தோலுக்குச் சற்றுக் கீழே செல்வதால் இது எளிதில் அழுத்தப்படும்.

- மரத்துப்போகும் இடம்: சுண்டுவிரலும், மோதிர விரலில் சுண்டுவிரல் பக்கமுள்ள பாதியும்.
- பிடிப்பு தளரும். சாவியைத் திருப்புவதும் போத்தல் மூடியைத் திறப்பதும் சிரமமாகும்.
- முற்றிய நிலையில் புறங்கையில் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே பள்ளம் விழும். மோதிர விரலும் சுண்டுவிரலும் கொக்கிபோல் வளைந்து நிற்கும்.

மேசையிலோ நாற்காலிக் கைப்பிடியிலோ முழங்கையை ஊன்றி உட்காருவது, முழங்கையை மடக்கித் தலைக்கடியில் வைத்து உறங்குவது, தொலைபேசியைக் காதில் வைத்து நெடுநேரம் பேசுவது ஆகியவை இந்த நரம்பை அழுத்தும். இளவயதில் முழங்கை எலும்பு முறிந்தவர்களுக்குப் பல ஆண்டுகள் கழித்தும் இது வரலாம்.

*3. ரேடியல் நரம்பு.* மேல்கை எலும்பின் பின்புறத்தைச் சுற்றிக்கொண்டு கீழே இறங்கும் இந்த நரம்பு, மணிக்கட்டையும் விரல்களையும் மேலே தூக்கும் தசைகளை இயக்குகிறது.

- மணிக்கட்டு தொங்கிவிடும். கையை நீட்டினால் புறங்கையை உயர்த்த முடியாது.
- மரத்துப்போகும் இடம்: புறங்கையில் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடைப்பட்ட பகுதி.

நாற்காலியின் முதுகுப்புறத்தில் கையைப் போட்டபடி அயர்ந்து உறங்குவது, மேல்கை எலும்பு முறிவது, ஊன்றுகோலை அக்குளில் தாங்கி நடப்பது ஆகியவை காரணங்களாக இருக்கலாம். உறக்கத்தில் அழுத்தப்பட்டு மணிக்கட்டு தொங்கினால், பெரும்பாலும் சில வாரங்களிலோ மாதங்களிலோ தானாகவே சரியாகும். ஆனாலும் மருத்துவர் பார்த்து உறுதிசெய்ய வேண்டும். இறுக்கமான கைக்கடிகாரமோ வளையலோ மணிக்கட்டருகே இந்த நரம்பின் கிளையை அழுத்தினால், கட்டைவிரலின் பின்புறம் மட்டும் மரத்துப்போகும்.

வீட்டிலேயே செய்து பார்க்கலாம்

பேரப்பிள்ளைகள் விளையாடும் ‘கல், காகிதம், கத்தரிக்கோல்’ விளையாட்டு உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதே சைகைகளைக் கொண்டு கை நரம்புகளைச் சோதிக்கலாம். இரண்டு கைகளாலும் செய்து ஒப்பிட்டுப் பாருங்கள். வலித்தால் நிறுத்திவிடுங்கள். கையில் காயமோ எலும்பு முறிவோ இருந்தால் செய்ய வேண்டாம்.

*கல்:* கையை இறுக்கி மூடுங்கள். மற்ற விரல்கள் மடங்க, ஆள்காட்டி விரல் மட்டும் நீட்டியபடியே நின்றால், முன்கையிலோ அதற்கு மேலோ மீடியன் நரம்பு பாதிக்கப்பட்டிருக்கலாம்.

*காகிதம்:* மணிக்கட்டை மேலே தூக்கி, விரல்கள் அனைத்தையும் நேராக நீட்டுங்கள். முடியவில்லை என்றால் ரேடியல் நரம்பைச் சந்தேகிக்கலாம்.

*கத்தரிக்கோல்:* ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் நீட்டி, அகல விரித்துச் சேருங்கள். விரிக்கவும் சேர்க்கவும் வலுவில்லை என்றால் அல்னார் நரம்பைச் சந்தேகிக்கலாம்.

*வளையம்:* கட்டைவிரல் நுனியும் ஆள்காட்டி விரல் நுனியும் தொடும்படி வட்டமான வளையம் செய்யுங்கள். விரல் நுனிகள் மடங்காமல் தட்டையாக ஒட்டிக்கொண்டால், மீடியன் நரம்பின் ஒரு கிளை பாதிக்கப்பட்டிருக்கலாம்.

*தாளைப் பிடித்தல்:* கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலின் பக்கவாட்டுக்கும் இடையே ஒரு தாளைப் பிடித்துக்கொள்ளுங்கள். இன்னொருவர் அதை மெதுவாக இழுக்கட்டும். தாளைப் பிடித்து வைக்க உங்கள் கட்டைவிரல் நுனி மடங்கினால், அது அல்னார் நரம்பு பலவீனமாக இருப்பதன் அறிகுறி.

*தொட்டுப் பார்த்தல்:* கண்களை மூடிக்கொள்ளுங்கள். வீட்டில் உள்ளவர் ஒரு பஞ்சுத் துண்டால் மூன்று இடங்களைத் தொடட்டும்: ஆள்காட்டி விரல் நுனி, சுண்டுவிரல் நுனி, புறங்கையில் கட்டைவிரலை ஒட்டிய இடைவெளி. இவை முறையே மீடியன், அல்னார், ரேடியல் நரம்புகளுக்கு உரிய இடங்கள். ஒரு கையில் தெளிவாகத் தெரியும் தொடுகை, மறு கையில் மங்கலாக இருக்கிறதா என்று கவனியுங்கள்.

மூட்டு இறுக்கத்தாலும் விரல்கள் மடங்காமல் போகலாம். எனவே இந்தச் சோதனைகளைக் கொண்டு நீங்களே முடிவுக்கு வர வேண்டாம். வேறுபாடு தெரிந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

எப்போது உதவி நாட வேண்டும்?

*உடனே 995ஐ அழையுங்கள்:*

- ஒரு பக்கக் கை திடீரென்று பலவீனமானால் அல்லது மரத்துப்போனால்; அதோடு வாய் கோணுதல், பேச்சுக் குழறுதல், பார்வை மங்குதல், நடை தள்ளாடுதல் ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால். இது பக்கவாதமாக இருக்கலாம். கை மட்டுமே திடீரென்று செயலிழந்தாலும் பக்கவாதமாக இருக்க வாய்ப்புண்டு. நரம்பு அழுத்தம் என்று நீங்களாகவே நினைத்துக்கொண்டு உறங்கச் செல்ல வேண்டாம்.
- ஆழமாக வெட்டுப்பட்டு ரத்தம் நிற்காமல் வழிந்தால்.

*அன்றே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள்:*

- வெட்டுக்காயத்துக்குப் பின் விரல் மரத்துப்போனால் அல்லது மடக்க, நீட்ட முடியாவிட்டால்.
- கீழே விழுந்த பின் கை வீங்கி, வடிவம் மாறி, விரல்களில் உணர்வு குறைந்தால்.
- மாவுக்கட்டு போட்ட பின் வலி கூடிக்கொண்டே போனால், விரலை நீட்டும்போது கடுமையாக வலித்தால், விரல்கள் வெளுத்தால் அல்லது மரத்துப்போனால். கட்டுக்குள் அழுத்தம் கூடினால் தசையும் நரம்பும் சில மணி நேரத்திலேயே சேதமடையும். அடுத்த சந்திப்பு நாள்வரை காத்திருக்க வேண்டாம்.
- இரண்டு கைகளும் தடுமாறி, நடையும் தள்ளாடி, சிறுநீரை அடக்க முடியாமலும் போனால். கழுத்தில் தண்டுவடம் அழுத்தப்படும்போது இப்படி நேரலாம்.

*சில நாள்களுக்குள் பலதுறை மருந்தகத்துக்கோ குடும்ப மருத்துவரிடமோ செல்லுங்கள்:*

- மரத்துப்போவது இரவு உறக்கத்தை அடிக்கடி கலைத்தால்.
- விரல்கள் எப்போதும் மரத்தே இருந்தால்.
- பொருள்கள் கைநழுவினால், பொத்தான் போட முடியாவிட்டால்.
- கட்டைவிரல் அடியிலோ புறங்கையிலோ சதை மெலிந்து தெரிந்தால்.
- தோலில் வெளிறிய அல்லது சிவந்த திட்டு தோன்றி, அந்த இடத்தில் உணர்வு இல்லாவிட்டால். தொழுநோயும் கை நரம்பைப் பாதிக்கக்கூடியது. மருந்தால் அதை முழுமையாகக் குணப்படுத்தலாம். கூச்சப்பட்டு மறைக்க வேண்டியதில்லை.

ஒன்றை நினைவில் கொள்ளுங்கள். பல மாதங்களாக இருந்த கூச்சமும் வலியும் தானாக நின்றுவிட்டது, ஆனால் விரல் நுனியில் உணர்வு மங்கி, பிடிப்பும் தளர்ந்திருக்கிறது என்றால் அது குணமானதாகப் பொருள்படாது. நரம்பு மேலும் பாதிக்கப்பட்டிருக்கலாம். உடனே மருத்துவரைப் பாருங்கள்.

ஏன் தாமதிக்கக் கூடாது?

அழுந்திய நரம்பு, அழுத்தம் நீங்கியதும் தேறிவிடும். ஆனால் நரம்பின் உள்ளிழைகள் அறுந்துவிட்டால் அவை மீண்டும் வளர்ந்து தசையைச் சென்றடைய வேண்டும். அவை ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் மட்டுமே வளரும். முழங்கையிலிருந்து கை வரை சுமார் 30 சென்டிமீட்டர் தூரம் என்று வைத்துக்கொண்டால், அதைக் கடக்க ஏறக்குறைய 10 மாதங்கள் ஆகும். வயது கூடக்கூட இந்த வளர்ச்சி இன்னும் மெதுவாகலாம்.

நரம்புத் தொடர்பின்றி ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரை கிடந்த தசை, பிறகு நரம்பு வந்து சேர்ந்தாலும் பழைய வலிமையைப் பெறுவது அரிது. “தீபாவளி முடியட்டும், மகள் வரட்டும்” என்று தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் இந்தக் கணக்கில் சேரும்.

மருத்துவரிடம் எப்படிச் சொல்வது?

நம்மில் பலர் எல்லாவற்றையும் “கைவலி” என்றே சொல்லிவிடுகிறோம். மருத்துவர் மூட்டுவலி என்று எண்ணக்கூடும். பின்வருவனவற்றைப் பிரித்துச் சொல்லுங்கள்:

- வலி: குத்துகிறதா, எரிகிறதா, இழுக்கிறதா?
- கூச்சம்: எறும்பு ஊர்வதுபோல், ஊசி குத்துவதுபோல் இருக்கிறதா?
- மரத்துப்போதல்: தொட்டால் தெரியவில்லையா?
- பலவீனம்: வலி இல்லாமலேயே பிடிக்கவோ தூக்கவோ முடியவில்லையா?

உங்கள் கையை ஒரு தாளில் வைத்து, சுற்றிலும் கோடு வரைந்துகொள்ளுங்கள். மரத்துப்போகும் இடங்களைப் பேனாவால் நிரப்புங்கள். சுண்டுவிரலும் மரத்துப்போகிறதா என்று குறிப்பாகக் கவனித்துக் குறியுங்கள். எப்போது தொடங்கியது, எந்த நேரத்தில் கூடுகிறது என்பதையும் எழுதுங்கள். அந்தத் தாளையும் நீங்கள் உட்கொள்ளும் மருந்துகளின் பட்டியலையும் கொண்டு செல்லுங்கள். ஆங்கிலத்தில் பேசச் சிரமமாக இருந்தாலும் இந்தப் படம் உங்களுக்காகப் பேசும்.

நீரிழிவுக்கு மெட்ஃபார்மின் மருந்தை நீண்டகாலமாக உட்கொள்பவர்களும், பல ஆண்டுகளாகச் சைவ உணவு மட்டுமே சாப்பிடுபவர்களும் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். பி12 வைட்டமின் குறைந்தாலும் கைகால்கள் மரத்துப்போகும். ரத்தப் பரிசோதனையில் இதைக் கண்டறியலாம். மருந்தை நீங்களாகவே நிறுத்த வேண்டாம். நீரிழிவால் வரும் நரம்புப் பாதிப்பு பொதுவாகப் பாதங்களில் தொடங்கும் என்பதால், கால்களைப் பற்றியும் சொல்லுங்கள். டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள், ஊசி ஏற்றும் கை மரத்துப்போனால் டயாலிசிஸ் நிலையத் தாதியிடம் உடனே தெரிவியுங்கள்.

பரிசோதனையும் சிகிச்சையும்

மருத்துவர் உங்கள் கையையும் கழுத்தையும் பரிசோதிப்பார். சர்க்கரை, தைராய்டு, பி12 அளவுகளை அறிய ரத்தப் பரிசோதனை செய்யலாம். தேவைப்பட்டால் நரம்புக் கடத்தல் சோதனைக்கு அனுப்புவார். தோலின்மீது சிறிய மின்துடிப்பைச் செலுத்தி, அது நரம்பில் எவ்வளவு வேகமாகச் செல்கிறது என்று இதில் அளப்பார்கள். சுண்டினாற்போல் இருக்கும், பெரும்பாலோர் தாங்கிக்கொள்வார்கள். இதயத் துடிப்புக் கருவி பொருத்தியிருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள்.

தொடக்க நிலையில் உள்ள கார்ப்பல் டனல் பிரச்சினைக்கு, மணிக்கட்டை நேராக வைத்திருக்கும் பட்டையை இரவில் அணிந்தாலே பலருக்கு நிவாரணம் கிடைக்கும். சிலருக்கு ஸ்டீராய்டு ஊசி போடப்படும். உணர்வு நிரந்தரமாகக் குறைந்தாலோ தசை மெலிந்தாலோ, அழுத்தத்தை நீக்க அறுவை சிகிச்சை பரிந்துரைக்கப்படலாம். பெரும்பாலும் கையை மட்டும் மரக்கச்செய்து இதைச் செய்வார்கள், அன்றே வீடு திரும்பலாம். அறுந்த நரம்பை மட்டும் அறுவை சிகிச்சையால்தான் இணைக்க முடியும். சிகிச்சையாளர் கற்றுத்தரும் கைப் பயிற்சிகளைத் தொடர்ந்து செய்வது மிகவும் முக்கியம்.

வெட்டுக்காயம் பட்டால்

தேங்காய் உடைக்கும்போது, டுரியான் பிளக்கும்போது, உடைந்த கண்ணாடிக் குவளையைக் கழுவும்போது கை வெட்டுப்படுவது உண்டு. ஒவ்வொரு விரலின் இரு பக்கங்களிலும் நரம்பு ஓடுகிறது. வெளியே சிறிதாகத் தெரியும் காயம்கூட உள்ளே நரம்பை அறுத்திருக்கலாம்.

1. சுத்தமான துணியால் காயத்தை அழுத்திப் பிடியுங்கள். கையை நெஞ்சுக்கு மேல் உயர்த்தி வையுங்கள்.
2. மோதிரம், வளையல், கைக்கடிகாரத்தை வீக்கம் வருமுன் கழற்றுங்கள்.
3. மஞ்சள்தூள், காப்பித்தூள், எண்ணெய் எதையும் போடாதீர்கள். காயத்துக்குள் என்ன அறுந்திருக்கிறது என்பதை அது மறைக்கும், கிருமியும் தொற்றலாம்.
4. ஆழமாகக் குத்தியிருக்கும் கண்ணாடித் துண்டைப் பிடுங்காதீர்கள்.
5. காயத்துக்கு அப்பால் உள்ள விரல் நுனியை மெல்லத் தொட்டுப் பாருங்கள். உணர்வு இல்லையென்றால், ரத்தம் நின்றிருந்தாலும் மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

விழுந்து வீங்கிய கையை எண்ணெய் போட்டு அழுத்தி உருவிவிடுவதும் ஆபத்தானது. எலும்பு முறிந்திருந்தால், அதன் விளிம்பு நரம்பைக் கிழிக்கக்கூடும். முதலில் எக்ஸ்ரே எடுத்து உறுதிசெய்துகொள்ளுங்கள்.

உணர்வு குறைந்த கையைப் பாதுகாப்போம்

- தோசைக்கல், கொதிநீர், இஸ்திரிப்பெட்டி ஆகியவற்றின் சூட்டை நல்ல கையால் சோதியுங்கள். மரத்த விரல் சுட்டாலும் தெரியாது.
- தினமும் இரவில் விரல்களைப் பார்த்து, காயமோ கொப்புளமோ இருக்கிறதா என்று கவனியுங்கள்.
- பேரங்காடிப் பைகளை விரல்களில் தொங்கவிடாமல் தள்ளுவண்டியில் கொண்டு செல்லுங்கள்.
- கத்தி, அரிவாள்மனை, கரண்டி ஆகியவற்றின் பிடியில் துணி சுற்றித் தடிமனாக்கினால் பிடிப்பது எளிதாகும்.
- முழங்கையை மடக்கி உறங்கும் பழக்கம் இருந்தால், ஒரு துண்டை முழங்கையைச் சுற்றித் தளர்வாகக் கட்டிக்கொள்ளுங்கள்.
- ஊன்றுகோல் உங்கள் உயரத்துக்கு ஏற்றதா என்று சிகிச்சையாளரிடம் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

நினைவில் வைக்க

கட்டைவிரல் பக்கம் மரத்துப்போனால் மீடியன். சுண்டுவிரல் பக்கம் மரத்துப்போனால் அல்னார். மணிக்கட்டு தொங்கினால் ரேடியல். திடீரென்று ஒரு பக்கம் செயலிழந்தால் 995.

இன்று இரவு உணவுக்குப் பின் உங்கள் துணைவரோடோ பேரப்பிள்ளையோடோ உட்கார்ந்து, கல், காகிதம், கத்தரிக்கோல், வளையம் ஆகிய நான்கையும் ஒருமுறை செய்து பாருங்கள். ஒரு நிமிடம்தான் ஆகும். வேறுபாடு தெரிந்தால், நாளைக் காலையில் மருந்தகத்தில் சந்திப்புக்கு நேரம் கேளுங்கள்.